வளாகம் முழுக்கப் புகைத் தடை: சட்டம் எதுவரை, கல்லூரி எதுவரை?

கேட்டவர்: மல்லேஸ்வரம்_8ஆவது_கிராஸ்
பெங்களூரில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியின் ஒழுங்குக் குழுவுக்கு வரைவு எழுத வேண்டும். வளாகம் முழுக்கத் தடை, மீறினால் 2000 ரூபாய், கேன்டீன் பின்னால் புகைக்க ஒரு ஷெட். மூன்றும் நிற்குமா? "நாம்தான் அட்டானமஸ் ஆயிற்றே" என்கிறது ஒரு தரப்பு.

கோப்புக்காரன்
அட்டானமஸ் என்பது பாடத்திட்டம், தேர்வு வரைக்கும்தான். புகையிலைச் சட்டத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கோட்பா 2003 (மத்தியப் புகையிலைச் சட்டம்), நான்காம் பிரிவு: பொது இடத்தில் புகைக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் கல்வி நிறுவனம் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆனால் வரையறையின் வாலில் 'திறந்தவெளி சேராது' என்றும் இருக்கிறது. வகுப்பறை, லைப்ரரி, ஆபீஸ் எல்லாம் சட்டத்தின் பாடு. மரத்தடி, பார்க்கிங் என்று வரும்போதுதான் வாதம் கிளம்பும். உங்கள் அதிகாரம் உண்மையில் உதவுவது அங்கேதான். அதற்கு ஆட்சிக்குழுத் தீர்மானம் போட்டு, அட்மிஷனில் கையெழுத்து வாங்கும் நடத்தை விதியில் சேருங்கள்.

வரைவிலிருந்து ஷெட்டை அடித்துவிடுங்கள். தனிப் புகையறைக்கு இடம் உள்ளது 30 அறை ஹோட்டல், 30 இருக்கை உணவகம், விமான நிலையம் மட்டுமே.

2000 ரூபாயைக் கோட்பா அபராதம் என்று எழுதாதீர்கள். மத்தியச் சட்டத்தில் உச்சம் 200. 2025-இல் அமலான கர்நாடகத் திருத்தத்தில் 1000. பிரின்ஸிபால் விதிக்கலாம், வாட்ச்மேன் விதிக்க முடியாது. வசூலாகும் பணமும் கல்லூரி நிதிக்கு வராது. ஒழுங்கு நடவடிக்கை வேறு. அதைத் தனிப் பத்தியில் வையுங்கள்.

போர்டு_மாட்டி
பெரும்பாலும் சறுக்குவது 'புகைக்கக் கூடாது' அறிவிப்புப் போர்டில். குறைந்தது 60 × 30 செ.மீ., வெள்ளைப் பின்னணி. நுழைவாயில், ஒவ்வொரு மாடி, படிக்கட்டு, லிஃப்ட் வாசல் எல்லா இடத்திலும் வேண்டும். புகார் வாங்குபவரின் பெயரும் போர்டில் வேண்டும். அவர் மாறினால் மாற்ற வசதியாக அந்த வரியை மட்டும் ஸ்டிக்கராக ஒட்டுங்கள். புகார் வந்தும் அவர் சும்மா இருந்தால், எத்தனை மீறலோ அத்தனைக்கும் அபராதம் அவர் தலையில் விழும்.

கட்டடத்துக்குள் ஆஷ்ட்ரே வைப்பதும் விதிமீறல்தான். குப்பைத் தொட்டி மேல் மணல் தட்டு வைக்கும் 'நல்லெண்ணம்' வேண்டாம்.

கேட் நம்பர் 2
தடை வந்ததும் கூட்டம் கேட்டுக்கு வெளியே பெட்டிக்கடைக்கு நகரும். மத்தியச் சட்டப்படி 100 கஜத்துக்குள் விற்பனை கூடாது. அதைச் சாலை வழியாக மெயின் கேட்டிலிருந்து அளப்பது வழக்கமான தப்பு. காம்பவுண்டுச் சுவரிலிருந்து எல்லாத் திசையிலும் ஆரமாக அளக்க வேண்டும். கர்நாடகத்தில் 21 வயதுக்குக் கீழ் விற்கவும் தடை, ஆக டிகிரி மாணவர்களில் பெரும்பாலோருக்கு விற்பதே குற்றம். கடை விஷயம் போலீஸ் வேலை, உங்களுடையது அல்ல. எழுத்தில் புகார் கொடுத்து அக்னாலெட்ஜ்மெண்ட் வாங்குங்கள்.

உங்கள் விதியின் வரையறையில் வேப் (மின் சிகரெட்), குட்கா இரண்டையும் பெயர் சொல்லி எழுதுங்கள். 'புகைத்தல்' என்று மட்டும் இருந்தால், "இது ஆவிதான் சார்" என்று பதில் வரும்.

விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 குவிட்லைன் இலவசம். மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸும் நம்ம ஊரிலேயே இருக்கிறது.

மல்லேஸ்வரம்_8ஆவது_கிராஸ்
ஷெட் போயாச்சு. ஆசிரியர்களுக்கும் இதே விதி போதுமா?

கோப்புக்காரன்
போதாது. மாணவர் நடத்தை விதி அவர்களைக் கட்டாது. பணி விதியில் தனியாகச் சேருங்கள். கேன்டீன், செக்யூரிட்டி, கட்டட வேலை ஆட்களுக்கு டெண்டர் நிபந்தனையில். இதை விட்டால், முதல் துண்டு சிக்குவது ஸ்டாஃப் பார்க்கிங்கில்தான்.