சமூகத் தோட்டத்துக்கு விதிமுறை எழுத உதவி தேவை

வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்துக்கு விதிமுறைகளை எழுத்தில் கொண்டுவரும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. இதுவரை எல்லாமே வாய்ப்பேச்சுதான், அதனால்தான் சிக்கல். கறிவேப்பிலையை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்கிறார்கள் சிலர். நட்டு வளர்த்த அக்காவைக் கேட்டுத்தான் பறிக்க வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள். போன வாரம் அந்தச் செடி கொழுந்துகூட மிச்சமில்லாமல் மொட்டையாக நின்றது. பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

அப்புறம், பாத்தி ஒதுக்குவது. தேசியப் பூங்காக் கழகம் பூங்காக்களில் வாடகைக்கு விடும் பாத்தி 2.5 மீட்டருக்கு 1 மீட்டர். குலுக்கலில் கிடைக்கும், 3 ஆண்டுக்குத்தான். நியாயமான முறைதான். ஆனால் பல வருஷமாகப் பாடுபட்டு மண்ணைப் பதப்படுத்திய பெரியவர்களிடம் “உங்கள் முறை முடிந்தது” என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொசு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். டெங்கி பரவும் ஊர் இது. பூவாளி, வாளி எல்லாம் கவிழ்த்துத்தான் வைக்க வேண்டும்.

தோட்டம் நடத்துபவர்கள் உங்கள் விதிமுறையைப் படம் எடுத்துப் போடுங்களேன். விளைச்சலை எப்படிப் பங்கிடுகிறீர்கள்? யாராவது மீறினால் அவரிடம் போய்ப் பேசுவது யார்? மாதக் கடைசியில் கூட்டம் இருக்கிறது, அதற்குள் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.