தர்ப்பசயன ராமர்: நிக்கிறவரைச் சாய்ச்ச மாதிரி இருக்கு

சேதுக்கரைக்காரன்:
திருப்புல்லாணி பக்கம் ஒரு மண்டபச் சுவர். ஆறடிக்கு மூணடிக் கட்டத்துல தர்ப்பசயன ராமர் (தர்ப்பைப் புல் மேல படுத்திருக்கிற ராமர்) எழுதணும். நவதாள அளவு (முகத்தைப் போல ஒன்பது மடங்கு உயரம்) சரியாத்தான் இருக்கு, ஆனா படுத்த களையே வரல. எங்க தப்பு?

கரித்துண்டு:
54 இஞ்ச் உருவம்னா சிற்பக் கணக்குல 108 அங்குலம் (ஒரு அங்குலம் இங்க அரை இஞ்ச்), முகம் 6 இஞ்ச். அதுல கை வைக்காதீங்க. மாத்த வேண்டியது நடுக்கோட்டை. நிக்கிற உருவத்துக்கு நூல் பிடிச்ச மாதிரி போட்டிருப்பீங்க. ஒருக்களிச்சுப் படுத்தா தோளும் இடுப்பும் மேடு, இடை பள்ளம். கோடு தோள்லயும் இடுப்புலயும் ஒடியணும். முழங்காலை லேசா மடக்குங்க; மொத்த நீளம் குறையும், அதுக்காகத் தொடையை இழுத்து நீட்டிடாதீங்க.

அப்புறம் பூணூல், மாலை, வேட்டி மடிப்பு. இதெல்லாம் பாதத்தைப் பார்த்து ஓடினா நிக்கிற படம்தான். படுக்கையைப் பார்த்துச் சரியணும். பாதிப் பேர் கோட்டை விடுறது இங்கதான்.

மஞ்சள் காவி:
அண்ணன் சொன்னதோட ஒண்ணு. இவர் தூங்கல. வால்மீகியில மூணு ராத்திரி கையைத் தலையணையா வச்சு, கடலரசன் வருவான்னு விரதமாக் கிடக்கிறார். இமை பாதி திறந்திருக்கணும், மணிக்கட்டு தொங்கக் கூடாது. ரங்கநாதரைப் பார்த்து எழுதினா, பாம்பை எடுத்துட்டுப் புல்லைப் போட்ட பெருமாள்தான் கிடைப்பார்!

உடம்புப் பாரம் அழுந்துறதைக் காட்ட நல்ல பாடம் இலங்கையில பொலன்னறுவை கல் விகாரையில படுத்திருக்கிற புத்தர் சிலை. தலை அழுந்தின இடத்துல கல் தலையணையே குழிஞ்சிருக்கும். உங்களுக்கு அந்தக் குழி கன்னத்துக்கும் கைக்கும் நடுவுல வரணும். பாதத்தை மட்டும் அங்கிருந்து எடுக்காதீங்க: இடது பாதம் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது பரிநிர்வாண (புத்தர் உயிர் பிரிஞ்ச நிலை) அடையாளம்.

சேதுக்கரைக்காரன்:
நன்றிங்க. தர்ப்பை எந்தப் பக்கமா ஓடணும்? சுவர் அடியில உப்பு வேற பூத்திருக்கு.

கரித்துண்டு:
தர்ப்பைத் தாள் உடம்பு நீளத்துக்கே ஓடட்டும். தோள், இடுப்புக்கு அடியில நசுங்கி, பாதத்தைத் தாண்டி நுனி சிலுப்பிக்கிட்டு நிக்கணும்.

உப்பை ஈரத்துணியால துடைக்காதீங்க, கரைஞ்சு திரும்ப உள்ள இறங்கிடும். காய்ஞ்ச பிரஷ்ஷால தட்டி எடுங்க. பிளாஸ்டிக் எமல்ஷன் அடிச்சா ஈரம் வெளியேற வழியில்லாம கொப்புளிக்கும். சுண்ணாம்புப் பூச்சுதான் தாங்கும். பூச்சுக்குக் கடல் மணல் கூடவே கூடாது. படுத்த படத்துல கனமெல்லாம் கட்டத்தோட அடியிலதான், ஈரமும் அங்கதான் ஏறும். அதனால ஈரக்கறைக்கு ஓரடி மேல படுக்கைக் கோட்டைப் போட்டுட்டு, கீழ வெறும் காவிப் பட்டை விடுங்க. உதிர்ந்தாலும் பட்டையை மட்டும் திரும்ப அடிச்சுக்கலாம்.