புது ஆயில் சீல் போட்டும் டிராக்டரில் எண்ணெய் சொட்டுகிறது, என்ன செய்யலாம்?

டெல்டா உழவன்:
அண்ணன்களே, வணக்கம். கிளட்ச் ஹவுசிங்கின் அடி ஓட்டையில் எண்ணெய் சொட்டியதால் வண்டியை இரண்டாகப் பிரித்து, எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலை மாற்றினோம். ஒரிஜினல் சீல்தான். சேம்பர் (எஞ்சினின் அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) பேக்கிங்கும் புதிது; மெக்கானிக் அதன் இரண்டு பக்கமும் சிலிக்கான் பேஸ்ட் தாராளமாகத் தடவினார். சேற்றுழவு தொடங்கியதும் மறுபடி சொட்டுகிறது. கிளட்ச் தட்டு நனைவதற்குள் இன்னொரு சீல் வாங்கிப் போட்டுவிடவா?

பழைய பட்டறை:
அவசரப்படாதீர்கள் தம்பி. சொட்டுவது எந்த எண்ணெய்? கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீல் போனாலும் அதே ஓட்டையில்தான் வரும். டீசல் எஞ்சின் எண்ணெய் என்றால் கறுத்திருக்கும்.

டெல்டா உழவன்:
கறுப்புதான் அண்ணே.

பழைய பட்டறை:
அப்படியானால் முதலில் ப்ரீதரை, அதாவது எஞ்சினுக்குள் சேரும் புகையை வெளியே விடும் குழாயைப் பாருங்கள். அது அடைத்துக்கொண்டால், பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி இறங்கும் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். அப்புறம் எவ்வளவு நல்ல சீலும் கசியும். வண்டியைப் பிரித்த பின், கிராங்க் ஷாஃப்டில் பழைய சீலின் லிப் (ஷாஃப்டைத் தொட்டு நிற்கும் விளிம்பு) ஓடிய இடத்தை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருக்கிறது. புது லிப் அந்தப் பள்ளத்தில் ஓடினால் எண்ணெயை நிறுத்தாது. இடமிருந்தால் சீலை 2 மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம். இல்லையென்றால் பள்ளத்தை மூட ஷாஃப்டின் மேல் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் (உறை) ஏற்ற வேண்டும்.

லேத் பட்டறை:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். அந்த இடத்தை உப்புத்தாள் கொண்டு நீளவாக்கிலோ சாய்வாகவோ தேய்க்க விடாதீர்கள். அந்தக் கீறல் வழியாகவே எண்ணெய் வெளியே வரும்.

டெல்டா உழவன்:
பிரித்துவிட்டோம். ப்ரீதர் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது! நகமும் தட்டுகிறது. ஸ்லீவுக்குச் சொல்லிவிட்டேன். சீலுக்கு எண்ணெய் தடவலாமா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பழைய பட்டறை:
சீலின் வகையைப் பொறுத்தது, அதனால்தான் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். ஸ்பிரிங் உள்ள ரப்பர் லிப் என்றால் ஸ்பிரிங் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். லிப்பில் எஞ்சின் எண்ணெய் கொஞ்சம் தடவுங்கள், வறண்டு ஓடினால் லிப் கருகிவிடும். ஸ்பிரிங் இல்லாத, விறைப்பான டெஃப்லான் லிப் என்றால் எண்ணெயோ கிரீஸோ படவே கூடாது. ஷாஃப்டையும் துடைத்துவிட்டு, கூட வரும் பிளாஸ்டிக் வளையத்தை வைத்தே ஏற்றுங்கள். எந்தச் சீலானாலும் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். சீலின் அளவுக்கு ஏற்ற குழாயை வைத்து, கோணாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள்.

எனக்கு இன்னும் பெரிய கவலை அந்தப் பேஸ்ட்தான். உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்தால் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். பேரிங்குக்கு எண்ணெய் போகாது, எஞ்சினே பிடித்துக்கொள்ளும். சேம்பரைக் கட்டாயம் இறக்கிச் சல்லடையைச் சுத்தம் செய்யுங்கள். பேப்பர் பேக்கிங்குக்குப் பேஸ்ட் பெரும்பாலும் தேவையில்லை. இரண்டு பாகம் சேரும் மூலையில் மட்டும் மெல்லிய கோடாக இழுத்தால் போதும். ட்யூபில் போட்டிருக்கும் நேரம்வரை காயவிட்டு, அப்புறம் எண்ணெய் ஊற்றுங்கள்.