சேலத்துச் சமையலும் வெளிநாட்டு சிங்க்கும்: அடைப்பு எடுப்பது எப்படி?

சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை என்றதும் கடைக்கு ஓடி, அடைப்பு நீக்கும் பாட்டிலை வாங்கி ஊற்றிவிடாதீர்கள். சேலத்திலிருந்து புதிதாக வந்து குடியேறும் நம் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அந்த பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. அடைப்பு விலகாவிட்டால் அந்தக் காரத் தண்ணீர் குழாயிலேயே தேங்கி நிற்கும். அப்புறம் குழாயைக் கழற்றுபவரின் கையும் கண்ணும் வெந்துபோகும்.

அம்மாபேட்டை, செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பழைய வீடுகளில் சிங்க் குழாய் சுவரைத் தாண்டி வெளியே விழும். கம்பியை விட்டு நாலு குத்து குத்தினால் சரியாகிவிடும். இங்கே அடுக்குமாடியில் குழாய் சுவருக்குள் ஓடி, மேல்வீடு கீழ்வீடு எல்லோருக்கும் பொதுவான குழாயில் சேருகிறது. குளிர் வேறு. மார்கழியில் ஏற்காட்டில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து கிடக்குமே, 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது அப்படித்தான். குளிர்ந்த குழாயில் நெய்க்கும் டால்டாவுக்கும் அதே கதி. அதன்மேல் சோற்றுக் கஞ்சியும் ஜவ்வரிசிக் கூழும் போய் ஒட்டும். சேகோ ஆலைகள் சூழ்ந்த ஊர்க்காரர்களுக்கு, வெந்த மாவு எப்படிப் பிடிக்கும் என்று சொல்லவா வேண்டும்? 2017-ல் லண்டன் ஒயிட்சேப்பல் சாக்கடையில் 250 மீட்டர் நீளத்துக்கு, 130 டன் எடையில் கொழுப்புக் கட்டி அடைத்து நின்றது. அதில் பெரும்பங்கு சமையல் எண்ணெயும் ஈரத் துடைப்பான்களும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பிளஞ்சர், அதாவது ஓட்டைமேல் வைத்து அழுத்தி இழுக்கும் ரப்பர் கிண்ணம். ரப்பர் மூழ்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் இருக்கட்டும், மீதியை மொண்டு எடுத்துவிடுங்கள். இரட்டைத் தொட்டி என்றால் அடுத்த ஓட்டையில் ஈரத்துணியை அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று அந்தப் பக்கம் போய்விடும்.

அதற்கும் மசியவில்லை என்றால் சிங்க்குக்குக் கீழே வளைந்திருக்கும் குழாயைத் திறக்கலாம். பயப்பட ஒன்றுமில்லை. அடியில் பக்கெட் வையுங்கள், கையுறை போடுங்கள், கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் இருக்கும் பிளாஸ்டிக் நட்டைக் கையாலேயே இடதுபக்கம் திருகினால் பெரும்பாலும் வந்துவிடும். உள்ளே சாம்பல் நிறத்தில் கொழகொழவென்று ஒரு திரள் இருக்கும். கடுகு, கறிவேப்பிலைக் காம்பு, காபித்தூள் எல்லாம் அதில் புதைந்திருக்கும், நாற்றமும் குடலைப் பிடுங்கும். பழைய பிரஷ்ஷால் வழித்துவிட்டு, குழாயை பாத்ரூமுக்கு எடுத்துப்போய்க் கழுவுங்கள். அதே சிங்க்கில் கழுவினால் தண்ணீர் நேரே அலமாரிக்குள்தான் கொட்டும். அந்த வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்பதால்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறாமல் இருக்கிறது. அதனால் வளைவை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போடும் யோசனை வேண்டாம்.

வளைவு சுத்தமாக இருந்தால் அடைப்பு சுவருக்குள் இருக்கிறது. அதற்கென்று ஸ்பிரிங் கம்பி விற்கிறார்கள், சுழற்றிக்கொண்டே மெல்ல உள்ளே விடுங்கள். பாத்ரூமிலும் தண்ணீர் எதிர்த்து வந்தால் பொதுக்குழாய்ப் பிரச்சினை. நீங்கள் கை வைக்காமல் வீட்டு உரிமையாளருக்கு உடனே எழுத்தில் தெரிவியுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் ஊற்றினால் அடைப்பு போய்விடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, ஆனால் அவை ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும். நுரை பொங்கும், ஆனால் எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்க அதில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. லேசான பிசுக்கு என்றால் பாத்திரம் கழுவும் சோப்பும் குழாயில் வரும் சூடான தண்ணீரும் மேல். பிளாஸ்டிக் குழாயில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றக் கூடாது, இளகிவிடும்.

சிங்க்கின் அடியில் உணவுக் கழிவை அரைத்துத் தள்ளும் கிரைண்டர் இருந்தால் முருங்கைச் சக்கை, வாழைப்பூ நரம்பு, மிஞ்சிய சோறு எதுவும் அதில் போடாதீர்கள். கை விடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள்.

தட்டுவடை சுட்ட எண்ணெயை ஆறவைத்து, பழைய பாட்டிலில் ஊற்றிக் குப்பையில் போடுங்கள். வடகக் கூழ் காய்ச்சிய பாத்திரத்தைக் காகிதத்தால் நன்றாக வழித்த பிறகே சிங்க்கில் இறக்குங்கள். சிங்க் வாயில் ஒரு சல்லடை மூடியும் போட்டுவையுங்கள், விலை மிகக் குறைவு.

குழாயைத் திரும்ப மாட்டியதும் தண்ணீரைத் திறந்துவிட்டு, நட்டைச் சுற்றிக் காய்ந்த டிஷ்யூவால் ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் குழாய் மாட்டிய விதத்தைப் போனில் எடுத்த படத்தோடு ஒப்பிடுங்கள், நட்டைக் கழற்றி உள்ளே வாஷர் (ரப்பர் வளையம்) திரும்பியிருக்கிறதா என்றும் பார்த்துச் சரிசெய்யுங்கள்.