இருபது ரூபாய் அபராதம் கட்டி வாங்கிய அகராதி

தபாலில் வந்த விநோதமான பொருள் எது என்று ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதால் என் பங்குக்கு நானும் சொல்கிறேன். எனக்கு வந்தது ஒரு அகராதி. அச்சடித்தது இல்லை, கையால் எழுதி, விசிறி மாதிரி மடித்து, சிவப்பு நூலால் கட்டிய உள்ளங்கை அகல அகராதி. அதில் இருக்கும் சொல் ஒன்றுகூடத் தமிழில் கிடையாது. கிடையாது என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் எங்கள் ஊர். பெரிய வீட்டில் நானும் அப்பத்தாவும் மட்டும். போன மாதம் ஒரு மத்தியானம் தபால்காரர் முகப்புத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கவரைக் கையில் கொடுக்காமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழைய பேரேட்டுத் தாளை வெட்டி மைதாப் பசையில் ஒட்டிய கவர். ஓரத்தில் கண்டாங்கிச் சேலைத் துண்டு ஒன்று. மூலையில் அஞ்சு ரூபாய்க்கு நிஜமான தபால் தலை, அதன் பக்கத்திலேயே இன்னொரு தலை, அது சாட்சாத் போலி. ஓரத்துப் பல் எல்லாம் சரியாக இருந்தது (தையல் மெஷினில் நூல் கோக்காமல் தாளை ஓட்டினால் அந்த ஓட்டைகள் விழும் என்று பிறகு தெரிந்துகொண்டேன்), நடுவில் ஒரு முந்திரிக்கொட்டைப் படம், கீழே மதிப்பு: ஒரு முந்திரி.

"ஆச்சி, இந்த ஸ்டாம்பு செல்லாது. எடை வேற கூட இருக்கு. பத்து ரூவா குறையுது, அதுக்கு டபுளா இருபது ரூவா கட்டணும்" என்றார். குறைந்த தொகைக்கு இரண்டு மடங்கு என்பதுதான் தபால் விதி, அவர் மேல் தப்பில்லை. அப்பத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் போலித் தலையைப் பார்த்தது. "முந்திரிங்கிறது முந்நூத்தி இருபதுல ஒரு பங்குய்யா. அது செல்லுனா என்ன, செல்லாட்டி என்ன" என்று சொல்லிவிட்டு இருபது ரூபாயை எடுத்து நீட்டியது. அந்தப் பழைய பின்னக் கணக்கு இன்றைக்கு ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அனுப்பியவர் ஒரு சிரிப்புக்காகப் போட்டது, சரியான ஆளிடம் வந்து சேர்ந்தது.

அனுப்பியவர் கோயம்புத்தூர்க்காரர். நேரில் பார்த்ததே இல்லை, கையெழுத்துதான் பழக்கம். கையால் செய்த கார்டுகளை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் ஒரு சின்ன வட்டத்தில் அவரும் நானும் இருக்கிறோம். இதெல்லாம் புதுசு இல்லை. நியூயார்க்கில் ரே ஜான்சன் என்ற ஓவியர் 1950களிலும் 60களிலும் நண்பர்களுக்குப் படமும் ஒட்டுவேலையுமாகத் தபாலில் அனுப்பி, இதில் எதையாவது சேர்த்துத் திருப்பி அனுப்பு என்று எழுதுவாராம். கேலரி வேண்டாம், நடுவர் வேண்டாம், விலையும் வேண்டாம், தபால் செலவு மட்டும்தான். அந்த வழக்கம் உலகம் பூராவும் பரவிவிட்டது. நம் ஊரில் இன்னும் கொஞ்சம் பேர்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு கார்டில், உங்கள் வீட்டில் பெயரே இல்லாத பொருள் என்னென்ன இருக்கிறது என்று கேட்டிருந்தார். நானும் ஏதோ நாலு பக்கம் எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிட்டேன். அது இப்படித் திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்.

அகராதியை அவர் நாலு பகுதியாகப் பிரித்திருந்தார்: பெயர், பொருள், தொகை, தொடை. 1732-இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதியின் பிரிவுகள் அவை, அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய அகராதி மாதிரியே "பெ.", "வி." என்று குறிப்பு. சிலதை மட்டும் எடுத்துப் போடுகிறேன்.

வெயிற்பாய் (பெ.): வளவு முற்றத்தில் உச்சிப்பொழுதில் விரித்ததுபோல் கிடக்கும் சதுர வெயில். மூன்று மணிக்குச் சுருட்டப்படும்.

ஊமைச்சாவி (பெ.): எந்தப் பூட்டுக்கு என்று எவருக்கும் தெரியாத, ஆனாலும் கொத்திலிருந்து கழற்றப்படாத சாவி.

டொங்காரம் (பெ.): ஆளில்லாத பின்கட்டில் அண்டா மூடி விழுந்தால் அந்தச் சத்தம் அடங்குவதற்குள் செல்லும் நேரம்.

பங்காளிமௌனம் (பெ.): ஓடு மாற்றும் செலவைப் பற்றிப் பேச்செடுத்ததும் பட்டாலைக் கூடத்தில் விழும் அமைதி.

கடைசியைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அப்பத்தா அடுப்படியிலிருந்து எழுந்து வந்துவிட்டது. எங்கள் வீட்டுக்குப் பதினோரு பங்கு. ஒருத்தர் சிங்கப்பூர், ஒருத்தர் பெங்களூர், இரண்டு பேர் பேசிக்கொள்வதில்லை. மழைக்கு மூன்றாங்கட்டில் ஒழுகுவதைப் பற்றிப் போன வருஷம் முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லோரும் கூடியபோது பேச்செடுத்தேன். அந்த அமைதிக்கு இத்தனை நாள் பெயர் இல்லாமல் இருந்ததுதான் அநியாயம்.

எல்லாச் சொல்லும் நன்றாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். முற்றத்தில் மழை விழுவதற்கு "வான்தாலாட்டு" என்று வைத்திருந்தார், சினிமாப் பாட்டு எழுத உட்கார்ந்தவர் மாதிரி. எங்கள் முற்றத்து மழை தாலாட்டாது, தகர நீர்த்தாரை வழியாகக் கொட்டிக் காதைப் பிளக்கும்.

அப்பத்தாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொன்னது. "சம்மதச்சுருள்" என்ற சொல்லுக்கு, கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் கையெழுத்துப் போடும் ஏடு என்று பொருள் எழுதியிருந்தார். "ஏத்தா, இதுக்கு எதுக்குப் புதுப்பேரு? இசைகுடிமானம்னு சொல்ல வாய் வலிக்குதா?" அடுத்து "இணையெண்", கல்யாணமான ஒரு ஜோடியைக் கோயில் கணக்கில் ஒன்றாக எண்ணுவது. "அது புள்ளி! புள்ளி வரி கொடுக்காம எந்தக் கோயில்ல திருவிழா நடக்குது?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, ஏனென்றால் பெயரில்லாதவை என்று அந்த இரண்டையும் எழுதி அனுப்பியது நான்தான். பெயர் இருந்திருக்கிறது, எனக்குத்தான் வாயில் வரவில்லை. அவர் பாவம், இல்லாத குறையைத் தீர்க்க உட்கார்ந்து யோசித்திருக்கிறார்.

ஆனால் ஒன்று. அப்பத்தா திட்டியது அந்த இரண்டு சொல்லுக்குத்தான். மற்றதை எல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. பொற்கொல்லர்கள் தங்கத்தைப் "பறி" என்பார்கள் என்று பள்ளிக்கூடத்தில் குழூஉக்குறிக்கு உதாரணம் படித்தோமே, ஒரு கூட்டம் தனக்குள் பேசிக்கொள்ளும் சொல், அந்த மாதிரி இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கும் ஒன்றிரண்டு சொல் வேண்டியிருக்கிறது போல. மூன்று நாள் கழித்து நான் மாடியில் இருந்தபோது கீழேயிருந்து குரல்: "ஏத்தா, வெயிற்பாய் நகந்து போச்சு, வத்தல் தட்டை இழுத்துப் போடு!"

அகராதியின் கடைசி நாலு மடிப்பு வெறுமையாக இருந்தது. நீங்கள் சேர்த்து அடுத்தவருக்கு அனுப்புங்கள் என்று பென்சிலில் ஒரு வரி. முதலில் அந்த இரண்டு சொல்லுக்குப் பக்கத்தில் "பார்க்க: இசைகுடிமானம்", "பார்க்க: புள்ளி" என்று எழுதினேன். அடிக்க மனசு வரவில்லை. அப்புறம் அப்பத்தாவிடம் ஒரு சொல் கேட்டேன். கந்தரப்பம் சுடும்போது ஓரத்தில் கருகி ஒட்டிக்கொள்ளும் துணுக்கைச் சின்ன வயசில் எங்களுக்குப் பிய்த்துக் கொடுக்கும், அதற்கு என்ன பேர் என்று. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "பேரு என்ன பேரு, 'இந்தா'ம்பேன், வாங்கிக்கிருவீக" என்றது.

"இந்தா (பெ.)" என்று எழுதிவிட்டேன். அழிரப்பரில் ஒரு முந்திரிக்கொட்டை செதுக்கி முத்திரையும் குத்தி, நாமக்கல்லில் இருக்கும் அடுத்தவருக்குப் போன வாரம் அனுப்பினேன். இந்தத் தடவை எடை போட்டுப் பார்த்து முழுசாகத் தலை ஒட்டித்தான்.