கரிசல் மண்ணில் ஈரப்பத சென்சார் அளவு நிற்கவில்லை

வேளாண் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ப்ராஜெக்ட், பருத்திக்குத் தானியங்கி சொட்டுநீர்ப் பாசனம். இடம் விருதுநகர் பக்கம், நல்ல கரிசல். போர்டு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள சிறு கன்ட்ரோலர்), சென்சார் கெப்பாசிட்டிவ் வகை (மண்ணின் மின்தேக்குத்திறனை வைத்து ஈரத்தைக் கணிப்பது) வி1.2.

பிப்ரவரியில் பொருத்தியபோது சரியாகத்தான் இருந்தது. மார்ச்சிலிருந்து தண்ணீர் விடாமலேயே மதியம் அளவு மாறுகிறது, இரவில் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. மண் காய்ந்து வெடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் விட்ட பிறகும் காய்ந்த மண் என்றே காட்டுகிறது.

போர்டில் சென்சாரின் வோல்டேஜைப் படிக்கும் பின்கள் ஏடிசி1, ஏடிசி2 என இரண்டு பிரிவு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின்கள் படிக்காது என்பதால் முதலிலிருந்தே ஏடிசி1-இல் உள்ள 34ஆம் பின்தான். தனியாக 3.3 வோல்ட் ரெகுலேட்டர் கொடுத்தேன், சென்சாரை மாற்றினேன், ஈரம் உள்ளே போகாமலிருக்க சென்சார் பலகையின் ஓரங்களில் நெயில் பாலிஷ் பூசினேன். அப்புறம் அதே மண்ணை 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, எடைபோட்டு கேலிப்ரேஷனும் (சென்சார் அளவை உண்மையான ஈரத்தோடு பொருத்துவது) செய்தேன். லேபில் அழகாகப் பொருந்துகிறது, வயலில் இல்லை. செம்மண் தொட்டியில் இதே சென்சார் சமர்த்தாக வேலை செய்வதுதான் எரிச்சல். டென்சியோமீட்டர் (மண் தண்ணீரை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்று அளக்கும் கருவி) வாங்கப் பட்ஜெட் கிடையாது.

கரிசலில் இந்த சென்சாரைப் பயன்படுத்தியவர்கள், வெடிப்பு விழுந்த பிறகும் அது மண்ணோடு ஒட்டியே இருக்கும்படி எப்படிப் பதித்தீர்கள்?