அம்மாவுக்கு வயிற்று ஸ்கேன்: வெறும் வயிறா, வயிறு முட்டத் தண்ணீரா?

திருவையாற்றுக்காரன்:
அம்மாவுக்கு 62 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று வயிறு முழுக்க அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள், நாளை மறுநாள் தஞ்சாவூர் போகிறோம். சாப்பிடக் கூடாதாம், ஆனால் தண்ணீர் நிறையக் குடிக்கணுமாம். ரெண்டும் எப்படி? கதிர்வீச்சு என்று வேறு பயப்படுகிறார்.

குடவாசல் அக்கா:
ரெண்டும் சரிதான் தம்பி. சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், கல் இருந்தாலும் தெளிவாகத் தெரியாது, அதற்குத்தான் 6 முதல் 8 மணி நேரம் பட்டினி. காபி ஒரு வாய்கூட வேண்டாம். தண்ணீர் சிறுநீர்ப்பைக்காக, அது நிரம்பினால் குடலை ஒதுக்கிவிடும், பின்னால் இருக்கும் கர்ப்பப்பை தெரியும். ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஒரு லிட்டர்போல. ஆனால் பஸ்ஸில் குடிக்க வைக்காதே! நான் பாபநாசத்திலேயே பாட்டிலைக் காலி செய்துவிட்டேன், அங்கே போனால் எனக்கு முன்னால் ஒன்பது பேர், கடைசியில் தாங்க முடியாமல் போய்விட்டு வந்து மறுபடி முதலிலிருந்து குடித்தேன்.

மன்னார்குடி மாமா:
கதிர்வீச்சே கிடையாது, வெறும் ஒலி அலை. ஜெல் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். சர்க்கரை மாத்திரையை மட்டும் பட்டினியோடு போட வைக்காதீர்கள், டாக்டரிடம் இன்றே கேளுங்கள்.

திருவையாற்றுக்காரன்:
கேட்டாச்சு, ஸ்கேன் முடிந்து சாப்பிடும்போது போடச் சொன்னார். காலையில் முதல் டோக்கன். இட்லி டப்பாவும் கையோடு வருகிறது.